சியரில் வயதுப் பிரிவை மாற்றப் போகிறார்களாமே? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் ஆல் ஸ்டார் சியர் ஜிம்முக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில், சீசன் முடியும் நேரத்தில் இரண்டு பேச்சு தவறாமல் கிளம்பும். அடுத்த வருடம் எந்த டீம் என்பது ஒன்று. எந்த வயதுப் பிள்ளை எந்தப் பிரிவில் ஆடலாம் என்று சொல்லும் வயது அட்டவணையை மாற்றப் போகிறார்களாமே என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கோச்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். நான் கோச் இல்லை, நடுவரும் இல்லை. இரண்டு பெண்களை இந்த விளையாட்டில் விட்டுவிட்டு எட்டு வருடம் ஜிம் ஓரத்து பெஞ்சைத் தேய்த்தவள், அவ்வளவுதான். ஆனால் இந்த அட்டவணையால் என் வீட்டில் ஒரு வருடம் அழுகையும் ஒரு வருடம் கொண்டாட்டமும் நடந்திருக்கிறது. அதனால் வரி விடாமல் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

எந்தச் சியர்லீடிங்கைப் பற்றிப் பேசுகிறோம்?

மைதானத்தின் ஓரத்தில் நின்று பள்ளி அணிக்குக் குரல் கொடுப்பது ஒரு வகை. இது அதுவல்ல. ஆல் ஸ்டார் என்பது எந்தப் பள்ளியோடும் ஒட்டாமல் தனி ஜிம்கள் நடத்தும் போட்டி விளையாட்டு. 54 அடிக்கு 42 அடி அளவுள்ள தரையில் இரண்டரை நிமிடம் கிடைக்கும். டம்ப்ளிங் (புரள்வது, குட்டிக்கரணம்), ஸ்டன்ட் (ஒருத்தியைச் சிலர் சேர்ந்து தூக்கிப் பிடிப்பது), பிரமிட் (பல ஸ்டன்ட்களை ஒன்றாக இணைப்பது), டாஸ் (மேலே எறிந்து பிடிப்பது), நடனம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். விதிகளையும் வயது அட்டவணையையும் வெளியிடுவது 2003இல் தொடங்கிய யுஎஸ்ஏஎஸ்எஃப் என்ற கூட்டமைப்பு. பள்ளி அணிகளில் வகுப்பைப் பார்த்துச் சேர்ப்பார்கள் என்பதால் அவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

வயதுப் பிரிவும் லெவலும் ஒன்றுதானே?

இல்லை. புதிதாக வருகிற பெற்றோர் பாதிப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

வயதுப் பிரிவு என்பது டைனி, மினி, யூத், ஜூனியர், சீனியர், பெரியவர்களும் ஆடக்கூடிய ஓப்பன் என்று சின்ன வயதிலிருந்து மேலே போகிற வரிசை. லெவல் என்பது திறமையின் அளவு, 1 முதல் 7 வரை. டம்ப்ளிங்கை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். லெவல் 1இல் கையை ஊன்றித்தான் புரள வேண்டும்: கார்ட்வீல், ரவுண்டாஃப், வாக்ஓவர். லெவல் 2இல் பின்பக்கம் தாவிக் கையூன்றிப் புரளும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் வந்துவிடும். லெவல் 3இல் ஓடி வந்து டக், அதாவது உடலை மடக்கிக் காற்றில் அடிக்கும் குட்டிக்கரணம். 4இல் அதையே உடலை நீட்டி அடிக்கும் லேஅவுட். 5இல் உடலை ஒரு முழுச் சுற்று முறுக்கும் ஃபுல். 6க்குப் போனால் இரண்டு சுற்று, அதாவது டபுள். ஸ்டன்ட்டிலும் இதே மாதிரி ஏணிதான். லெவல் 2இல் இரண்டு காலில் நிற்கும் பெண்ணைத் தலைக்கு மேல் நீட்டித் தூக்கலாம். ஒற்றைக் காலில் அந்த உயரத்தில் நிறுத்துவது லெவல் 3இல்தான்.

ஒரு டீமின் பெயர் 'யூத் 3' என்றால், யூத் வயதுப் பிள்ளைகள் லெவல் 3 விதிகளின்படி ஆடுகிறார்கள் என்று பொருள். ஆக ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பூட்டு. வயது சரியாக இருக்க வேண்டும், திறமையும் சரியாக இருக்க வேண்டும். வயது அட்டவணை மாறினால் ஒரு பூட்டு மட்டும் மாறுகிறது. பிள்ளையின் திறமை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அவள் நுழையக்கூடிய கதவு வேறாகிவிடுகிறது.

(பழைய பெற்றோர் யாராவது 'என் பெண் லெவல் 5 வேர்ல்ட்ஸ் (உலகப் போட்டி) டீமில் ஆடினாள்' என்றால் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-20 சீசனில் எண்களை நகர்த்தினார்கள். பழைய 5தான் இப்போதைய 6. பழைய 6, 7 ஆனது.)

ஏன் சும்மா சும்மா மாற்றுகிறார்கள்?

சும்மா இல்லை. அட்டவணையை மாற்றச் சொல்லி வரும் யோசனைகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் நான்கு விஷயங்களில் ஒன்றைத்தான் தொடும்: வயதை எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுவது, ஒரு பிரிவின் கீழ் எல்லை எங்கே, மேல் எல்லை எங்கே, நடுவில் எத்தனை பிரிவுகள். கேட்க ஒரே விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் நான்குக்கும் காரணம் வேறு, பாதிக்கப்படும் பிள்ளைகளும் வேறு. 'வயது மாற்றம் நல்லதா கெட்டதா' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த எல்லை நகர்கிறது என்று முதலில் பாருங்கள்.

நான் எப்போதும் முதலில் பார்ப்பது கீழ் எல்லையை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 31 கணக்கு, பிறந்த ஆண்டுக் கணக்கு என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

நீண்ட காலம் ஆல் ஸ்டாரில் இருந்த முறை, சீசன் தொடங்கும் ஆண்டின் ஆகஸ்ட் 31 அன்று பிள்ளைக்கு எத்தனை வயது என்று பார்ப்பது. இன்னொரு முறை, நாளையும் மாதத்தையும் விட்டுவிட்டுப் பிறந்த ஆண்டை மட்டும் பார்ப்பது.

இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி 2011 ஆகஸ்ட் 20 அன்று பிறந்தவள். அடுத்தவள் 2011 செப்டம்பர் 5. இடையில் வெறும் 16 நாள். 2026 ஆகஸ்ட் 31 அன்று முதல் பிள்ளைக்கு 15, இரண்டாவது பிள்ளைக்கு 14. மேல் எல்லை 14 என்று ஒரு பிரிவு இருந்தால் செப்டம்பர்ப் பிள்ளை உள்ளே, ஆகஸ்ட் பிள்ளை வெளியே. பிறந்த ஆண்டுக் கணக்கில் இருவரும் 2011தான். உள்ளே என்றால் இருவரும் உள்ளே, வெளியே என்றால் இருவரும் வெளியே.

அடடா, அப்படியானால் ஆண்டுக் கணக்குதானே நியாயம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 2010 டிசம்பர் 28 அன்று பிறந்த பிள்ளையும் 2011 ஜனவரி 3 அன்று பிறந்த பிள்ளையும் என்ன ஆவார்கள்? இவர்களுக்கு இடையில் ஆறே நாள். ஆண்டுக் கணக்கில் இருவரும் பிரிந்துவிடுவார்கள். கோட்டை எங்கே போட்டாலும் அதன் இரு பக்கமும் யாராவது நிற்பார்கள். கோடு நகரும்போது பாதிக்கப்படும் மாதம் மட்டுமே மாறுகிறது.

ஆண்டுக் கணக்குக்கு உண்மையான வசதி ஒன்று உண்டு. பதிவு மேசையில் குழப்பம் குறைவு. பிறந்த ஆண்டைப் பார்த்தோமா, பிரிவைச் சொன்னோமா என்று முடிந்துவிடும். வேறு விளையாட்டுகளிலும் இரண்டு விதமும் உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸில் அந்தக் காலண்டர் ஆண்டுக்குள் வயது நிரம்பினால் போதும். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜூலை 1க்கு முன் நிரம்பியிருக்க வேண்டும்.

பள்ளி வகுப்போடு இது எப்படிப் பொருந்தும்?

இங்கேதான் சிக்கல். பல மாநிலங்களில் பள்ளியில் சேர்க்கும் தேதி செப்டம்பர் 1ஐ ஒட்டி இருக்கும். ஆகஸ்ட் 31 கணக்கு அதோடு கிட்டத்தட்ட இழைந்து போகும். ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே பிரிவில் ஏறி ஒரே வருடம் இறங்குவார்கள். ஆண்டுக் கணக்கில் வகுப்பு இரண்டாக உடையும்.

மேல் எல்லையில் இது வலிக்கும். 2007 அக்டோபரில் பிறந்த பிள்ளையும் 2008 ஜூனில் பிறந்த பிள்ளையும் 2025-26இல் ஒன்றாகப் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்கள். சீனியர் பிரிவை '2008இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள்' என்று வைத்தால் முதல் பிள்ளைக்குப் பள்ளியின் கடைசி வருடத்தில் சீனியர் டீம் இல்லை. தோழிகள் ஆடுவார்கள், இவள் ஓப்பன் டீம் தேட வேண்டும், அல்லது ஓய்வு. இதைத் தவிர்க்கத்தான் சீனியருக்கு மட்டும் ஆண்டோடு ஒரு மாதத் தேதியையும் ஒட்டுப்போடுவது. அட்டவணையில் எல்லா வரியும் ஆண்டாக இருந்து ஒரே ஒரு வரியில் மட்டும் தேதி வந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள்.

அமெரிக்க இளையோர் கால்பந்து, அதாவது சாக்கர், இதே பாதையில் ஒரு முறை போய்த் திரும்பியிருக்கிறது. 2010களின் நடுவில் பள்ளி ஆண்டை விட்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்ற பிறந்த ஆண்டுக் கணக்குக்கு மாறினார்கள். ஒரே வகுப்புத் தோழர்கள் வேறு வேறு அணிக்குப் போனார்கள். உயர்நிலைப் பள்ளி சீசனில் பாதி அணி பள்ளிக்குப் போய்விட, எட்டாம் வகுப்பில் இருந்த மீதிப் பிள்ளைகள் ஆட அணியில்லாமல் நின்றார்கள். கடைசியில் 2026-27 சீசனிலிருந்து ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்ற கணக்குக்குத் திரும்புவதாகப் பெரிய இளையோர் அமைப்புகள் 2025இல் அறிவித்தன. சியரில் யாராவது 'ஆண்டுக் கணக்குதான் நவீனம்' என்று சொன்னால் நான் இந்தக் கதையைச் சொல்வேன்.

என் மகள் டிசம்பரில் பிறந்தவள். ஆண்டுக் கணக்கு வந்தால் அவளுக்கு நஷ்டமா?

பிரிவில் கடைசியாகப் பிறந்த பிள்ளைக்கு நஷ்டம் என்பது பல விளையாட்டுகளில் உண்மை. 1980களில் கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தபோது, மேல்மட்ட அணிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக இருந்தார்கள். அங்கே கோடு ஜனவரி 1. ஒன்பது வயதில் பதினொரு மாத வளர்ச்சி என்பது பெரிய வித்தியாசம். பெரிய பிள்ளையைத் திறமைசாலி என்று நினைத்து எடுக்கிறார்கள், அவனுக்கு நல்ல பயிற்சி கிடைக்கிறது, அப்புறம் அவன் நிஜமாகவே திறமைசாலி ஆகிவிடுகிறான்.

சியரில் இது அப்படியே பொருந்தாது. இங்கே ஒருத்தி மேலே போக வேண்டும், மூன்று பேர் கீழே நிற்க வேண்டும். மேலே போகிறவள் ஃப்ளையர். கீழே இரண்டு பேஸ், பின்னால் ஒரு பேக் ஸ்பாட். பிரிவில் கடைசியாகப் பிறந்த சின்ன உருவத்துப் பிள்ளையை ஃப்ளையர் ஆக்கத்தான் கோச் தேடுகிறார். படத்தில் நடுவில் சிரிப்பவள் அவள்தான். என் சின்னவளுக்கு நான்கு வருடம் அப்படித்தான் போனது. ஐந்தாவது வருடம் நான்கு அங்குலம் வளர்ந்து பேஸ் ஆனபோது வீட்டில் இன்னொரு அழுகை.

ஆகவே மாதத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஆல் ஸ்டாரில் வயதுப் பிரிவுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன; ஒரே வயதுப் பிள்ளை இரண்டு மூன்று பிரிவுகளில் எதில் வேண்டுமானாலும் ஆடலாம். கோடு நகர்ந்தால் உடனே பாதிக்கப்படுவது ஏதோ ஒரு பிரிவின் ஓரத்தில் நிற்கும் பிள்ளைகள் மட்டுமே. உங்கள் பிள்ளை நடுவில் இருந்தால் அந்த வருடம் உங்களுக்கு எதுவும் மாறாது. அடுத்த வருடம் ஓரத்துக்கு வருவாள், அது வேறு விஷயம்.

கீழ் வயது எல்லையை ஏன் உயர்த்த வேண்டும் என்கிறார்கள்? திறமை இருக்கிற சின்னப் பிள்ளையைத் தடுப்பது சரியா?

நான் முதலில் பார்ப்பேன் என்று சொன்ன எல்லை இதுதான்.

சீனியர் லெவல் 6 டீமில் கீழே நிற்பவர்கள் 16, 17 வயதுப் பெண்கள், சில நேரம் பையன்கள். அவர்கள் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு எத்தனை வயது? கீழ் எல்லை தாழ்வாக இருந்த காலத்தில் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் அங்கே நின்றார்கள். கோச்சின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு எளிது. 30 கிலோ பிள்ளையைத் தூக்குவதும் 50 கிலோ பிள்ளையைத் தூக்குவதும் ஒன்றா? சின்னப் பிள்ளை வேகமாகச் சுழலும், உயரமாகப் பறக்கும், மதிப்பெண் கூடும். கீழ் எல்லை இல்லாத பிரிவில் எல்லா ஜிம்முக்கும் ஒரே புத்திதான் வரும்: இன்னும் சின்னவளாக ஒருத்தியைத் தேடு.

உயரத்திலிருந்து இரண்டு சுற்று முறுக்கி விழும் பிள்ளையின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடவில்லை. பெண்களுக்கு உயரம் வேகமாக ஏறுவது ஏறக்குறைய 12 வயதில், பையன்களுக்கு 14ஐ ஒட்டி. அந்த நேரத்தில் கை கால் நீளம் மாற மாற, நேற்று வந்த டம்ப்ளிங் இன்று வராது. மணிக்கட்டிலும் குதிகாலிலும் வலி என்று பிள்ளைகள் சொல்வதும் இந்தக் கட்டத்தில்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் சியர்லீடிங்கை விளையாட்டாக அங்கீகரிக்க வேண்டும் என்று சொன்னதற்கு முக்கியக் காரணமே பாதுகாப்பு. விளையாட்டு என்று ஒப்புக்கொண்டால்தான் பயிற்சி பெற்ற கோச், மருத்துவப் பரிசோதனை, சரியான தரை எல்லாம் கிடைக்கும்.

உடலைத் தவிர இன்னொன்றும் உண்டு. பதினோரு வயதுப் பிள்ளை வாரத்துக்கு மூன்று மாலை யாரோடு இருக்கிறாள்? காதல், கார் ஓட்டுவது, கல்லூரி விண்ணப்பம் என்று பேசும் பெண்களோடு. அவர்கள் நல்ல பிள்ளைகளாகவே இருக்கட்டும். ஆனாலும் அவள் அங்கே சின்னவள். கால் வலிக்கிறது, இன்றைக்கு மேலே போக மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. மொத்த டீமும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

மற்ற விளையாட்டுகளும் இதே திசையில்தான் நகர்ந்திருக்கின்றன. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் சீனியர் குறைந்தபட்ச வயதை 1997இல் 16 ஆக்கினார்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயது ரஷ்யப் பெண் ஒருத்தியைச் சுற்றி எழுந்த ஊக்கமருந்து விவகாரத்துக்குப் பிறகு, ஸ்கேட்டிங் கூட்டமைப்பு அதே ஆண்டு ஜூனில் 15ஐப் படிப்படியாக 17 ஆக்க வாக்களித்தது.

எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது. 12 வயதில் டபுள் போடும் பிள்ளை எங்கே போவாள்? ஜூனியரில் அவள் திறமைக்கு ஏற்ற டீம் பக்கத்தில் இல்லை என்றால் ஒரு வருடம், இரண்டு வருடம் அவள் தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சில பிள்ளைகள் சலித்து விட்டுவிடுவார்கள். என் மூத்தவளின் தோழி ஒருத்தி அப்படித்தான் டைவிங்குக்குப் போய்விட்டாள். இருந்தாலும் என் கருத்தைக் கேட்டால், கீழ் எல்லை உயர வேண்டும். ஒரு பிள்ளையின் காத்திருப்பை ஈடுகட்ட வழி இருக்கிறது. கீழே இருப்பவர்களின் பலத்துக்கும் மேலே இருப்பவளின் பருவத்துக்கும் உள்ள இடைவெளியை எந்த மெத்தையாலும் நிரப்ப முடியாது.

மேல் எல்லை 18 ஏன் இவ்வளவு முக்கியம்?

18க்குக் கீழ் உள்ளவர்களைச் சட்டம் மைனர் என்கிறது. விளையாட்டில் மைனர்களைப் பாதுகாக்கும் கூட்டரசுச் சட்டம் 2018 பிப்ரவரியில் கையெழுத்தானது. 2022இல் சியர் ஜிம்கள், கோச்கள் சிலர் மேல் பாலியல் துன்புறுத்தல் வழக்குகள் தொடரப்பட்டன. அதற்குப் பிறகு, வளர்ந்தவர்களும் பிள்ளைகளும் ஒரே டீமில், ஒரே ஹோட்டல் அறையில், ஒரே உடைமாற்றும் இடத்தில் இருக்கலாமா என்ற கேள்வியை யாரும் தள்ளிப்போட முடியவில்லை. ஓப்பன் பிரிவுகளில் 20, 25 வயதுக்காரர்களும் ஆடலாம். அங்கே கீழ் எல்லை எவ்வளவு என்பது டம்ப்ளிங் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. உங்கள் பிள்ளையை ஓப்பன் டீமுக்கு அழைத்தால், அந்த டீமில் வயதில் மூத்தவருக்கு எத்தனை வயது, பயணத்தில் யார் யாரோடு தங்குவார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். தயங்க வேண்டாம். நல்ல ஜிம் கோபித்துக்கொள்ளாது.

எங்கள் ஜிம் சின்னது. எங்களுக்கு என்ன ஆகும்?

அட்டவணை மாற்றத்தில் அதிகம் அடிவாங்குவது சின்ன ஜிம்தான். இதையும் கணக்காகவே பார்ப்போம்.

ஒரு யூத் டீமில் 16 பேர். நான்கு நான்கு பேராக நான்கு ஸ்டன்ட் குழு. மேல் எல்லை ஒரு வருடம் குறைகிறது, ஐந்து பேருக்கு வயது தாண்டிவிடுகிறது. மிச்சம் 11. இரண்டு குழு, மீதி மூன்று பேர். அந்த மூன்று பேரை ஓரத்தில் நிற்க வைத்துவிட முடியாது. மதிப்பெண் அட்டையில் இத்தனை பேர் கொண்ட டீம் இத்தனை ஸ்டன்ட் காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. வெளியே போன ஐந்து பேரில் மூன்று பேர் பேஸாக இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். தூக்க ஆளில்லாத ஃப்ளையர்கள் மிஞ்சுவார்கள்.

பெரிய ஜிம்முக்கு இது பிரச்சினையே இல்லை. ஐந்து பேர் போனால் அடுத்த ஹாலிலிருந்து ஐந்து பேர் வருவார்கள். சின்ன ஜிம் என்ன செய்யும்? ஒரு பிள்ளையை இரண்டு டீமில் ஆட வைக்கும். கிராஸ்ஓவர் என்பார்கள். பிள்ளைக்குப் பயிற்சி நேரம் இரட்டிப்பு, உங்களுக்குக் கட்டணமும் கூடும். அதுவும் ஆகாவிட்டால் இரண்டு டீமை ஒன்றாக்கி மேல் பிரிவுக்கு ஏற்றும். அப்போது ஒன்பது வயதுப் பிள்ளை பதினான்கு வயதுப் பிள்ளையோடு ஜூனியரில் ஆடுவாள். சின்னவர்களையும் பெரியவர்களையும் பிரிக்க வேண்டும் என்று கொண்டுவந்த விதி, சின்ன ஜிம்மில் அவர்களை ஒன்றாகக் கலந்துவிடும். அட்டவணை எழுதுகிறவர்கள் பெரிய ஜிம்மை மனதில் வைத்து எழுதினால் வருகிற வினை இது.

வயது இடைவெளியைக் குறுக்கி நிறையப் பிரிவுகள் வைத்தால் தீர்ந்துவிடாதா?

காகிதத்தில் தீரும். ஏழு லெவல், ஆறு வயதுப் பிரிவு, அதில் சின்ன டீம், பெரிய டீம், சின்ன ஜிம், பெரிய ஜிம் என்று ஏற்கெனவே கூறு போட்டாகிவிட்டது. இன்னும் கூறு போட்டால் போட்டி நாளில் ஒரு பிரிவில் ஒரே ஒரு டீம் இருக்கும். அந்த டீமுக்கு முதல் பரிசும் கிடைக்கும். என் பெண்கள் அப்படி ஒரு பதாகையை வாங்கி வந்திருக்கிறார்கள். காரில் ஏறியதும் பெரியவள் கேட்டாள், 'நாம யாரை ஜெயிச்சோம்?' என்னிடம் பதில் இல்லை.

வயதை விட்டுவிட்டு உயரம், எடையை வைத்துப் பிரிக்கலாமே?

இங்கிலாந்துக் கால்பந்து அகாடமிகளில் இதை ஒட்டிய முயற்சி நடந்திருக்கிறது. பிறந்த தேதியைப் பார்க்காமல், உடல் எந்த அளவு வளர்ச்சியை எட்டியிருக்கிறது என்று பார்த்துப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். அங்கே ஒருவர் மேல் ஒருவர் மோதும் விளையாட்டு, அதனால் அர்த்தம் உண்டு. சியரில் ஒரு டீமுக்கே பல உருவங்கள் தேவை. எல்லாரும் ஒரே அளவாக இருந்தால் யார் யாரைத் தூக்குவது? இதைவிட முக்கியம், பெண் பிள்ளைகள் நிறைந்த ஒரு விளையாட்டில் எடை மேசையைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஃப்ளையர் பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைப்பது இப்போதே பெரிய கவலை. வேண்டவே வேண்டாம்.

டைனி, மினி பிள்ளைகளுக்கு ஏதாவது மாறுமா?

பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வயதில் லெவலும் தாழ்வு, உயரமும் தாழ்வு. டைனி டீமில் பாதிப் பேர் பார்வையாளர்களில் அம்மாவைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் பெற்றோர் வயது அட்டவணைக்காக ஜிம் மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லாத அலைச்சல்.

பையன்களுக்குத் தனிக் கணக்கா?

வயதுக் கணக்கு ஒன்றுதான். மேல் பிரிவுகளில் பெண்கள் மட்டும், கலப்பு என்று டீம் வகை பிரியும். பையன்கள் வளர்வது ஏறக்குறைய இரண்டு வருடம் தாமதம் என்பதால், 13 வயதுப் பெண் பேஸாகத் தூக்கும் எடையை அதே வயதுப் பையன் தூக்குவான் என்று எதிர்பார்க்க முடியாது. 16இல் நிலைமை தலைகீழ்.

உலகப் போட்டியிலும் இதே அட்டவணைதானா?

உலகப் போட்டி என்று இரண்டு இருக்கின்றன. ஜிம்கள் மோதுவது 2004 முதல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் நடக்கும் சியர்லீடிங் வேர்ல்ட்ஸ். நாடுகள் மோதுவது ஐசியு என்ற சர்வதேச அமைப்பின் சாம்பியன்ஷிப். ஐசியுவுக்குத்தான் ஒலிம்பிக் கமிட்டி 2016 டிசம்பரில் தற்காலிக அங்கீகாரமும் 2021 ஜூலையில் முழு அங்கீகாரமும் கொடுத்தது. இரண்டின் வயது விதிகளும் தனித்தனி. உள்ளூர் அட்டவணையில் தகுதி இருக்கிறது என்பதற்காக வெளியேயும் இருக்கும் என்று நினைத்து விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அங்கீகாரம் கிடைத்துவிட்டதால் ஒலிம்பிக்கில் சியர் வந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. இதுவரை அது பதக்க விளையாட்டு இல்லை.

வயதை ஏமாற்றினால்?

தண்டனை மொத்த டீமுக்கே போகும். பிறந்த சான்றிதழ் கேட்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளும் பெற்றோர் இருக்கிறார்கள். 2001இல் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பாலில் 12 வயது என்று பந்து வீசிய பையனுக்கு உண்மையில் 14 வயது என்று தெரிந்து, அந்த அணியின் வெற்றிகள் எல்லாம் ரத்தாயின. தவறு பெரியவர்களுடையது, பெயர் கெட்டது பையனுக்கு.

அட்டவணை மாற்றத்துக்கு வரைவு வந்தால் பெற்றோர் கருத்துச் சொல்ல முடியுமா?

விதிகளைப் பற்றிய பேச்சில் ஜிம் உரிமையாளர்கள், கோச்கள் குரல்தான் ஓங்கி இருக்கும். பெற்றோரின் பேச்சு பெரும்பாலும் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் உரிமையாளரிடம் பேசுங்கள். 'என் பெண்ணுக்கு அநியாயம்' என்று போனால் அவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். 'இந்த எல்லை வந்தால் நம் ஜிம்மில் எத்தனை பேர் எந்த டீமிலிருந்து போவார்கள், எத்தனை ஸ்டன்ட் குழு மிஞ்சும்' என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் அது மேலே போய்ச் சேரும். நாங்கள் ஒரு முறை அப்படிச் செய்தோம். அந்தத் தாளை உரிமையாளர் கூட்டத்துக்கே எடுத்துப்போனார்.

புது அட்டவணை வருவதற்குள் ட்ரை-அவுட் (டீம் தேர்வு) வந்துவிட்டது. பணம் கட்டலாமா?

சீசன் ஏப்ரல், மே வாக்கில் முடியும். உடனே மே மாதம் ட்ரை-அவுட், கோடையில் கோரியோகிராபி, உடைக்கு அளவு. அட்டவணை தாமதமானால் எல்லாமே இடிக்கும். கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளையை எந்த வயதுப் பிரிவை நம்பி இந்த டீமில் போட்டிருக்கிறீர்கள்? அந்தப் பிரிவின் எல்லை மாறினால் அவளுக்கு வேறு எந்த டீம்? அந்த டீம் வேண்டாம் என்று நாங்கள் சொன்னால் முன்பணம் திரும்ப வருமா? மூன்றாவது கேள்விக்கான பதில் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். உடைக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் திரும்பாது. அளவு எடுக்கும் தேதியை மட்டுமாவது அட்டவணை வெளியான பிறகு வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.